செக்ஷன் நம்பர் தெரிஞ்சும் சாட்சியச் சட்டத்துல ஏன் மார்க் போகுது?

ஏஐபிஇ, அதாவது வக்கீல்களுக்கான அகில இந்திய பார் தேர்வு, எழுதப் போற எங்க ஆபீஸ் ஜூனியர்ஸ் ரெண்டு வாரமா ஒரு சார்ட் போட்டுட்டு இருக்காங்க. இந்தப் பக்கம் பழைய செக்ஷன், அந்தப் பக்கம் புதுசு, 25 போய் 23, 32 போய் 26, 65பி போய் 63னு. தப்பு சொல்லல, 2024 ஜூலை 1ல இருந்து 1872 சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துருச்சு, நம்பர் தெரியணும்தான். ஆனா பேர் ஆக்ட், அதாவது விளக்கம் எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம், கையிலயே வெச்சு எழுதற பரீட்சைக்கு நம்பரை மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது? நூத்துக்கு 8 கேள்வி இந்தச் சட்டத்துல, ஒரு சம்பவத்தைக் குடுத்து இது சாட்சியமா செல்லுமானு கேட்டா அங்கதான் முழிக்கிறாங்க.

படிக்கும்போதே மூணு விஷயம் கேட்டுப் பழகுங்க. யார் சொன்னது, யார்கிட்ட சொன்னது, எதை நிரூபிக்க அதை இப்பக் கொண்டு வர்றாங்க.

நான் வக்கீலான முதல் வருஷம், ஒரு செஷன்ஸ் கேஸ், சீனியர் ஊர்ல இல்ல. இன்ஸ்பெக்டர் கூண்டுல நின்னு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குடுத்த ஒப்புதல் வாக்குமூலம்னு ஆரம்பிக்க, பி.பி., அதான் அரசு வக்கீல், முழு ஸ்டேட்மென்ட்டையும் சாட்சி ஆவணமா மார்க் பண்ணச் சொல்றாரு, நான் பாட்டுக்கு நோட்ஸ் எடுத்துட்டு உக்காந்திருக்கேன். ஜட்ஜ்தான் என்னைப் பார்த்து "டிஃபென்ஸ் ஆட்சேபணை இல்லையா?"னு கேட்டாரு. பரீட்சையில நல்ல மார்க் வாங்கின சப்ஜெக்ட் அது, சிரிக்காதீங்க.

போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிரா நிரூபிக்க முடியாது, அது 23(1). போலீஸ் கஸ்டடியில இருக்கறப்ப வேற யார்கிட்ட சொன்னாலும் செல்லாது, மாஜிஸ்திரேட் நேர்ல இருந்து அவர் முன்னாடி சொன்னா ஒழிய, அது 23(2). சொன்னதை வெச்சு ஏதாவது கண்டுபிடிச்சா அந்த அளவுக்கு மட்டும் செல்லும்ங்கற பழைய 27ஐ இப்ப தனி செக்ஷனா தேடாதீங்க, 23ஓட வால்ல ஒரு வரம்பு விலக்கா ஒட்டி வெச்சிருக்காங்க. "கூரையில ஒளிச்சு வெச்ச கத்தியை எடுத்துத் தர்றேன், அதாலதான் அவனைக் குத்தினேன்"னு ஒருத்தன் சொல்லி, போய்ப் பார்த்தா கத்தி கிடைக்குதுனு வெச்சுக்கோங்க. எவ்வளவு செல்லும்? முன்பாதி மட்டும்தான். கத்தி அங்க இருந்ததும் அது அவனுக்குத் தெரிஞ்சிருந்ததும்தான் கண்டுபிடிச்ச சங்கதி, குத்தினது இல்ல. 1946ல புலுகுரி கோட்டையா வழக்குல, அப்ப நமக்கு மேல்முறையீட்டுக் கோர்ட்டா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது, இன்னைக்கும் நம்ம கோர்ட்ல "ஏற்கத்தக்க பகுதி"னு தனியா மார்க் பண்றது அதனாலதான்.

மரண வாக்குமூலம் 26(அ). சாகப் போறோம்ங்கற எண்ணம் சொல்றவருக்கு இருக்கணும்னு இங்க கிடையாது, அது இங்கிலாந்துல முன்ன இருந்த விதி. ஆளு பிழைச்சுட்டா 26 போச்சு, அவரே வந்து சாட்சி சொல்லணும், முன்ன சொன்னது அவர் சாட்சியத்தை உறுதிப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டும்தான் உதவும். சொன்னவர் தெளிவா இருந்தார்னு டாக்டர் சர்டிஃபிகேட் இல்லேனா செல்லாதுனு ஆப்ஷன் வந்தா டிக் பண்ணாதீங்க, 2002லயே லக்ஷ்மண் வழக்குல அஞ்சு நீதிபதி அமர்வு அதைத் தீர்த்துருச்சு.

சார்ட் காலை வாரிவிடற இடம் ஒண்ணு சொல்றேன். உடந்தையாளி, அதாவது குற்றத்துல கூட்டா இருந்தவன், சொல்ற சாட்சியம், 133 போய் 138. நம்பர் மட்டும் மாறலை, உறுதிப்படுத்தப்படாத சாட்சியத்துல தண்டிச்சாலும் சட்டவிரோதம் இல்லனு இருந்த வரி, இப்ப உறுதிப்படுத்தப்பட்ட சாட்சியத்துலனு மாறிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை, விடை அப்படியே தலைகீழ்.

மின்னணு ஆவணத்துக்குப் போடற 63(4) சர்டிஃபிகேட்டும் பழைய மாதிரி ஒண்ணு இல்ல, அட்டவணையில ரெண்டு பாகம் இருக்கு, ஒண்ணு தாக்கல் பண்றவரு போடறது, இன்னொண்ணு நிபுணர் போடறது, ஹாஷ் வேல்யூ (ஃபைலோட டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) வேற எழுதணும். ஒரிஜினல் போனையே அதோட ஓனர் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து சாட்சி சொன்னா சர்டிஃபிகேட் தேவையில்லைனு 2020 அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்புல இருக்கு, அது பழைய 65பி மேல சொன்னது, அதையும் படிச்சுருங்க. அப்புறம் 170, ஜூலை 1க்கு முன்ன நிலுவையில இருந்த வழக்குக்கு பழைய சட்டமேதான்.

குறிப்பு எழுதின பேர் ஆக்ட்டை ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, சுத்தமான காப்பி ஒண்ணு தனியா வாங்கி வெச்சுக்கோங்க. அந்த சார்ட்டும் வெளியிலதான் நிக்கும்.