பித்தளை தானாகவே பிளப்பது ஏன்?

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில், அம்மோனியா சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை நட்டை நன்றாக இறுக்கிப் போட்டுவிட்டால், யார் கையும் படாமலே ஒருநாள் அதில் மயிரிழை போல நெடுக்காகக் கீறல் விழும். கரைந்தோ தேய்ந்தோ போயிருக்காது. மற்ற இடமெல்லாம் கெட்டியாகவே இருக்கும். சுங்கை சிப்புட் மாதிரி ஊரின் சாமான் கடையில் கேட்டால், "சரக்கு மட்டம்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரக்கின் மேல் குற்றமில்லை.

இந்த நோயை முதலில் பெரிதாகக் காட்டிக்கொடுத்தவை துப்பாக்கித் தோட்டாக்கள். 19 ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். குண்டைக் கவ்வியிருக்கும் பித்தளைக் கழுத்து சுடாமலே கீறிப் பிளந்தது. பருவமழையோடு வந்ததால் அதைப் 'பருவ வெடிப்பு' என்றார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்ற விளக்கம் 1921 இல்தான் வந்தது.

தோட்டாப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். குளிர்ந்த நிலையில் இதை அழுத்தியோ இழுத்தோ வடிவம் மாற்றினால் இறுகிப்போகும். மாற்றிய விசை உள்ளிறுக்கமாக உள்ளேயே தங்கிவிடும். அம்மோனியா ஈரத்தில் கரைந்து, காற்றின் ஆக்சிஜனும் சேரும்போது, செம்பை நீல நிறச் சேர்மமாக இழுத்துக்கொள்ளும். இந்த அரிப்பு பித்தளையின் மணிகளுக்கு (உலோகம் ஆகியிருக்கும் நுண்ணிய படிகங்களுக்கு) நடுவேயுள்ள எல்லைகளில் முந்திக்கொண்டு நுழையும். உள்ளிறுக்கம் அந்த வாயைப் பிரிக்க, புதிய உலோகம் வெளிப்பட, அரிப்பு இன்னும் ஆழம் போகும். இறுக்கம், ஈரம், அம்மோனியா மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் பிளவு வராது. துத்தநாகம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் செம்பித்தளைக்கும் இந்தப் பயம் குறைவு.

அமெரிக்காவில் 'வைல்ட்கேட்' என்ற சொந்த அளவுத் தோட்டா வடிப்பவர்களுக்கு இந்த உள்ளிறுக்கம்தான் முதல் பகை. 30-06 என்ற ரைபிள் தோட்டாக் கூட்டின் கழுத்தை டை என்ற வடிவ அச்சுக்குள் தள்ளி, 7.82 மில்லிமீட்டர் குண்டைப் பிடிக்கும் அளவிலிருந்து 6.53 மில்லிமீட்டர் குண்டைப் பிடிக்கும் அளவுக்குக் குறுக்கினார்கள். அப்படிப் பிறந்த 25-06 வைல்ட்கேட்டை ரெமிங்டன் கம்பெனி 1969 இல் கடைச்சரக்காக்கியது. அளவு வித்தியாசம் பெரிதானால் ஒரே டையில் முடிக்கப் பார்க்கக் கூடாது. இடைநிலை டைகள் வேண்டும், இல்லையென்றால் கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் தோள் மடிந்துவிடும். எண்ணெய் மிஞ்சினால் டைக்குள் தேங்கித் தோளில் குழி விழும். குறைந்தால் கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இறுகிய கழுத்தை நெருப்பில் காட்டித் தணிக்காமல் விட்டால், அது குண்டை ஒழுங்காகக் கவ்வாமல் பின்வாங்கி, சில முறை சுட்டபின் பிளக்கும். அந்தச் சூடு கழுத்துக்கு மட்டும்தான். அடிப்பாகம் இளகினால் அழுத்தம் தாங்காமல் வாயு சுடுபவர் பக்கம் பீறிடும். கூடு சிவந்து ஒளிர்ந்தால் சூடு மிஞ்சியது என்று பொருள். மணிகள் பெருத்து, மேற்பரப்பு சாத்துக்குடித் தோல் போலாகும். (மலேசியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே நமக்கு வேண்டியது அதன் உலோகப் பாடம் மட்டும்.)

நம் கன்னார்கள் குடம் தட்டும்போதும் இதே கதைதான். சில சுற்று தட்டியதும் இறுக்கம் தணியச் சூடாக்க உலைக்குக் கொண்டுபோவார்கள். அதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்ட குடம், மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கிடந்தால் வாய் விளிம்பிலிருந்து பிளக்கும்.

இனி ஸ்டோர். மரத்திலிருந்து வடிந்த பாலில் பாக்டீரியா அமிலம் சுரப்பதால் சில மணி நேரத்தில் அது உறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அம்மோனியா. 60 சதவீத ரப்பர் உள்ள கெட்டிப்பாலில், அதிக அம்மோனியா வகைக்கு எடையில் 0.6 சதவீதமாவது சேர்ப்பார்கள். ஆகவே வால்வு, நட்டு, குழாய் எல்லாம் எஃகாக இருக்கட்டும். அழுத்தமானிக்கும் உள்ளே பித்தளைக் குழாய் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மோனியாவுக்கென்றே செய்த எஃகு மானி தனியாகக் கிடைக்கிறது. பித்தளையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. கரையும் செம்பு துளியளவு பாலில் கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும். கெட்டிப்பாலுக்கான சர்வதேசத் தரவிதி (ஐஎஸ்ஓ, எண் 2004), மொத்தத் திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்கிறது.

பித்தளையைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், வடித்த பொருளை 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து ஆற்றினால் உள்ளிறுக்கம் பெரும்பகுதி போய்விடும். கெட்டித்தன்மை அதிகம் குறையாது. ஆனால் பூட்டும்போது ஸ்பேனரை அளவுக்கு மீறித் திருகினால் அந்த இறுக்கம் அப்படியே திரும்ப வந்துவிடும். சில மெருகுத் திரவங்களில் அம்மோனியா இருப்பதால், குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். கீறலின் ஓரத்தில் நீலமோ பச்சையோ படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த நட்டுக்கு ஈயம் பற்றவைத்து மூடப் பார்க்காமல் கழற்றி எறியுங்கள். பிளவு கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும்.