சக்கையூட்டி: 'எரியூட்டி' ஏன் ஆகாது

சர்க்கரை ஆலைக் கொதிகலன் ஒன்றின் இயக்கக் கையேட்டைத் தமிழில் பெயர்த்து, ஒருமுறை பார்த்துத் தரும்படி அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஓர் எச்சரிக்கை: "எரியூட்டுவதற்கு முன் எரியூட்டியை இயக்கக் கூடாது." மூன்று முறை படித்தும் விளங்காமல் மூலத்தைத் தேடிப் போனேன். முதலில் வரும் எரியூட்டல், அணைந்து கிடக்கும் கொதிகலனில் முதல் தீயைப் பற்றவைப்பது. அடுத்து வரும் எரியூட்டி, கரும்புச் சக்கையை அளவாக உலைக்குள் போட்டுக்கொண்டே இருக்கும் பொறி. உள்ளே தீ நன்றாகப் பிடிக்கும் முன் சக்கையைக் கொட்டாதே என்பதுதான் செய்தி. நியாயமான செய்தி. ஆனால் அந்தத் தமிழைப் படித்து ஒருவர் கொதிகலனை ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இந்த 'எரியூட்டி'யை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. உலைக்கு எரிபொருள் போடும் பொறியை ஆங்கிலத்தில் ஸ்டோக்கர் என்பார்கள். அந்தச் சொல் எங்கே வந்தாலும் இதை எடுத்துப் போடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்டோக்கர் டச்சு மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல். டச்சு வினையான ஸ்டோக்கனுக்கு நெருப்பை வளர்ப்பது, கிளறுவது என்று பொருள். அடியில் இருப்பது குத்துவது, தள்ளுவது என்ற கருத்து. ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் பெயர் முதலில் வந்தது, அதை வெட்டி வினையைப் பிறகு செய்துகொண்டார்கள். கப்பலிலும் ஆலையிலும் வாரியால் கரி அள்ளிப் போட்டவர் ஸ்டோக்கர். அவர் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டதும் பெயரும் பொறிக்குப் போயிற்று. அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விறகடுப்பில் சமைத்த வீட்டில் "அடுப்பைத் தள்ளிவிடு" என்றால் அடுப்பை நகர்த்தச் சொல்வதாக யாரும் நினைக்கமாட்டார்கள். எரிந்து குறைந்த விறகை உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். டச்சுக்காரர் நெருப்பைப் பார்த்த பார்வையும் நம் அடுப்படிப் பார்வையும் ஒன்றுதான். தீயை மூட்டுவது ஒரு வேலை, மூண்ட தீக்குத் தள்ளிக்கொண்டே இருப்பது வேறு வேலை. ஸ்டோக்கர் இரண்டாவது. 'தீமூட்டி' என்று எழுதுகிறவர்கள் இந்த முதல் படியிலேயே வழுக்கிவிட்டார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

எரியூட்டிக்காரர்களை அப்படி விட்டுவிட முடியாது. அவர்களிடம் இலக்கணம் இருக்கிறது. உண் என்பதன் பிறவினை ஊட்டு. எரிக்கு ஊட்டுவது எரியூட்டி. தீ உண்கிறது, பொறி ஊட்டுகிறது, இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எரியூட்டுதல் ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. மதுரையைக் கண்ணகி எரியூட்டினாள் என்கிறோம். இறந்தவர் உடலுக்கு எரியூட்டினார்கள் என்று செய்தியில் படிக்கிறோம். இரண்டிலும் தீ வைத்தல்தான் பொருள், தீனி போடுதல் அல்ல. படிக்கிறவர் மனத்தில் முதலில் சிதைதான் எழும். பகுபத இலக்கணத்தைக் காட்டி அந்தச் சிதையை அணைக்க முடியாது.

சரி, பிணத்தின் நினைவு வராத ஆள் ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல் தீரவில்லை. கொதிகலன் வேலையில் பற்றவைத்தல் தனி நடவடிக்கை. முதலில் காற்றாடிகளை ஓடவிட்டு உள்ளே தேங்கிய வளிமங்களை வெளியேற்ற வேண்டும், அப்புறம் உலையின் அடித்தட்டின்மேல் சிறு தீ மூட்ட வேண்டும், அது பரவிய பிறகே சக்கை விழத் தொடங்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய இரண்டு செயல்களுக்கு ஒரே வேரில் பெயர் வைத்தால், மேலே நான் காட்டிய வாக்கியம்தான் பிறக்கும். தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆளைக் கொல்லாத தூய தமிழாக இருந்தால் நல்லது.

இன்னொரு கட்சி 'உலையூட்டி' என்கிறது. இதன்மேல் எனக்குக் கொஞ்சம் கருணை உண்டு. உலைக்கு ஊட்டுவது உலையூட்டி, நான்காம் வேற்றுமைத் தொகை, பொருள் நேர். ஆனால் அடுப்படியில் உலை என்பது அரிசி போடக் கொதிக்கும் நீர். பட்டறையில் உலை என்பது கொல்லன் இரும்பைக் காய்ச்சும் இடம். அதைவிடப் பெரிய குறை, எதை ஊட்டுகிறது என்பது சொல்லில் இல்லை. இந்தப் பொறியைப் பொறுத்தவரை கதையே அந்த 'எதை' என்பதில்தான் இருக்கிறது.

கரும்பைப் பிழிந்தால் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சக்கையாக மிஞ்சும். அதில் பாதி ஈரம். மீதி பெரும்பாலும் நார், ஒட்டிக்கொண்ட சர்க்கரை கொஞ்சம். உமியைப் போல இது வழுக்கி ஓடாது. நார்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் குழாய்க்குள் பாலம் கட்டிக்கொள்ளும். மேலே சக்கை நிரம்பியிருக்க, கீழே தீ பசியோடு கிடக்கும். அதனால்தான் சக்கை இறங்கும் சரிவுக்குழாயைக் கீழே போகப்போக அகலமாக்குகிறார்கள். அதன் அடியில் பல் வைத்த உருளைகள் சுழன்று சக்கையைப் பிய்த்துப் பிய்த்து அளவாக விடும். குழாயில் எப்போதும் சக்கை நிற்கவும் வேண்டும், காலியானால் உலையிலிருந்து தீ பின்னோக்கி மேலே ஏற வழி கிடைத்துவிடும். உருளையிலிருந்து விழும் சக்கையைக் காற்று உள்ளே வீசி எறியும். மெல்லிய துகள் அந்தரத்திலேயே எரிந்துபோகும், கனத்தது அடித்தட்டில் விழுந்து எரியும். ஈரம் பாதியாக இருப்பதால் பறக்கும்போதே கொஞ்சம் உலர வேண்டும், அதற்காகத்தான் சூடேற்றிய காற்று. இப்படிப் பரப்பி எரிக்கும் அமைப்பு வருவதற்கு முன், குதிரைலாட வடிவ உலையில் சக்கையைக் குவியலாகக் கொட்டி எரித்தார்கள். குவியலின் வெளிப்பக்கம் எரியும், உள்ளே புகையும்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது, உருளை ஒரு பொறி, காற்றால் வீசுவது இன்னொரு பொறி. ஆங்கிலத்தில் ஸ்டோக்கர் என்றால் இரண்டும், சில வேளை அடித்தட்டும்கூட, சேர்ந்த முழு ஏற்பாடு. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'எரியூட்டி'யைப் போட்டுவிட்டு, "எரியூட்டியின் எரியூட்டி அடைத்துக்கொண்டால்" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

'தானியங்கி' என்ற முன்னொட்டும் இதே வகைதான். தானே இயங்குவது தானியங்கி, அது பெயர். அதை அடைமொழியாக எல்லாவற்றின் முன்னாலும் ஒட்டுவது பழகிவிட்டது, போகட்டும். ஆனால் பொறியால் ஊட்டுவது வேறு, தானாக ஊட்டுவது வேறு. நீராவி ரயில் எஞ்சின்களில் திருகுதண்டு கரியைத் தள்ளியது, எவ்வளவு தள்ளுவது என்று ஆள்தான் முடிவு செய்தார். அது பொறி ஊட்டி மட்டுமே. இன்றைய சர்க்கரை ஆலையில் நீராவி அழுத்தம் இறங்கினால் உருளையின் வேகம் தானே கூடும், காற்றும் அதற்கேற்பக் கூடும். அழுத்தம் ஏறினால் இரண்டும் தணியும். இதைத்தான் தானியங்கி என்று சொல்ல வேண்டும். மோட்டார் வைத்ததெல்லாம் தானியங்கி ஆகாது.

எரிபொருளின் பெயரையும் கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கையேட்டில் சக்கை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'தாவரக் கழிவு', 'கரும்புக் கழிவு', ஒரு பத்தியில் 'உயிரிக் கழிவுத் தீவனம்'. தீவனம்! உலை என்ன எருமையா? ஆங்கிலத்தில் பகாஸ் என்பது ஸ்பானிய பகாஸோவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலிவத்தையோ திராட்சையையோ பிழிந்த பின் மிஞ்சுவதற்குச் சொன்ன பெயர் பிறகு கரும்புக்கும் ஆயிற்று. அதற்குச் சக்கை என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை. பிழிந்து சாறு எடுத்த பின் நிற்பது சக்கை. பேச்சில் ஆளையே சக்கையாகப் பிழிகிறோம். கோது, துரும்பு என்று பழைய சொற்களும் உண்டு. "துரும்பெழுந்து வேங்கால் துயராண் டுழவார்" என்கிறது நாலடியார் 35ஆம் பாடல். கரும்பை ஆட்டிக் காலத்தில் வெல்லக்கட்டி எடுத்துக்கொண்டவர், மிஞ்சிய துரும்பு எரியும்போது வருந்தமாட்டார் என்பது கருத்து. கரும்புத் துரும்பு எரிவதைத் தமிழ் அப்போதே சொல்லிவைத்திருக்கிறது, நாம் உட்கார்ந்து 'தாவரக் கழிவு' எழுதுகிறோம்.

அது கழிவும் அல்ல. ஒரு கிலோ ஈரச் சக்கை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவி தரும். அந்த நீராவிதான் டர்பைன் எனும் சுழலியைச் சுழற்றும், வெளியே வரும் வெப்பம் சாற்றைக் காய்ச்சும், மிஞ்சினால் மின்சாரமாக வெளியே விற்பனைக்குப் போகும். ஆலையின் அடுப்பே அதுதான் என்னும்போது கழிவு என்பது பச்சைப் பொய். தூர் வாரிப் போடுவதைக் கழிவு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆக என் முடிவு: உருளைப் பொறிக்குச் சக்கையூட்டி. பாலை ஊட்டுவது பாலூட்டி, சக்கையை ஊட்டுவது சக்கையூட்டி. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. உமி எரித்தால் உமியூட்டி, கரி எரித்தால் கரியூட்டி, பொதுவாகச் சொல்ல எரிபொருளூட்டி. 'ஊட்டி' என்றதும் மலை ஊர் நினைவு வருகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். தனியாக நின்றால் வரும், சக்கையோடு சேர்ந்தால் வராது. காற்றால் வீசும் பொறிக்குப் பெயர் வைப்பதுதான் கடினம். விசிறி என்றால் எல்லாரும் காற்றாடியைத் தேடுவார்கள். தூவல் என்றால் தனித்தமிழ் அன்பர்கள் பேனாவை எடுப்பார்கள். விதை தூவுவதுபோல வீசுவதால் 'சக்கை தூவி' என்று எழுதிவைத்தேன். தூவிக்கு இறகு என்றும் பொருள் உண்டு, ஆனால் கொதிகலன் கையேட்டில் இறகைத் தேடுபவர் யாரும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதால் வரும் வினை இது. பயர்மேன் என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று தீயை அணைப்பவர், மற்றது கொதிகலனில் தீயை வளர்ப்பவர். நீராவி எஞ்சினில் தீயணைப்பு வீரர் கரியை அள்ளிப் போட்டார் என்று அச்சில் படித்திருக்கிறேன். ஒரு நாள் ஆலைக்குள் போய் நின்றிருந்தால் இது நடந்திராது. அங்கே வேலை செய்கிறவர்கள் "பீடர் அடைச்சுக்கிச்சு, பிரஷர் இறங்குது" என்பார்கள். பீடர் என்றால் ஆங்கிலத்தில் ஊட்டி. அதில் பொறி எது, நடந்தது என்ன, விளைவு என்ன என்று மூன்றும் இருக்கின்றன. எரியூட்டி வாக்கியத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கையேட்டை முழுதும் திருத்தி அனுப்பினேன். பிழையான எச்சரிக்கை இப்படி ஆயிற்று: "தட்டின்மேல் தீ நன்றாகப் பிடித்த பிறகே சக்கையூட்டியை ஓட்டவும்." அச்சாகி வந்த பிரதியில் எரியூட்டி எங்கும் இல்லை. சக்கையூட்டியும் இல்லை. எல்லா இடத்திலும் 'சக்கை பீடர்' என்று போட்டிருக்கிறார்கள். சக்கையாவது தப்பியதே என்று இருந்துவிட்டேன்.