பெர்க்மான் விதி: மானின் உடலளவும் தட்பவெப்பமும்

நெருங்கிய உறவுள்ள வெப்ப இரத்த விலங்குகளை ஒப்பிட்டால், குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரிதாகவும் வெப்பப் பகுதியில் வாழ்பவை சிறிதாகவும் இருக்கும் போக்கே பெர்க்மான் விதி. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் பெர்க்மான் 1847இல் இதை எழுதினார். அவர் பேசியது ஒரே பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு தொகுப்புக்குள் உள்ள இனங்களைப் பற்றி. ஒரே இனத்தின் வடக்கு, தெற்குக் கூட்டங்களுக்கு அதை நீட்டியது பின்னால் வந்தவர்கள்.

காரணம் எளிது. உடல் முழுவதும் வெப்பம் உண்டாகிறது, தோல் வழியாக வெளியேறுகிறது. நீள அகல உயரம் மூன்றும் இரட்டித்தால் தோலின் பரப்பு 4 மடங்காகும், உடலின் கொள்ளளவு 8 மடங்காகும். அதாவது பெரிய உடலுக்கு ஒரு கிலோவுக்கான தோல் குறைவு. அவித்த மரச்சீனிக் கிழங்கில் சின்னத் துண்டு சட்டென்று ஆறிப்போகும், பெரிய துண்டு இலையில் கிடந்தும் நடுவில் ஆவி பறக்கும். அதே கணக்குதான்.

மான்களில் இதற்கு எடுப்பான சான்று அமெரிக்காவின் வெண்வால் மான். கனடாப் பக்கம் கிடா 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதே இனம் புளோரிடாவின் தென்முனைத் தீவுகளில் 25 முதல் 34 கிலோவோடு நின்றுவிடுகிறது. (தீவில் அடைபட்ட விலங்குகள் குறுகுவதும் உண்டு என்பதால், முழுப் பழியையும் வெயில் மேல் போட முடியாது.)

சரி, குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மிளாவை (கடமானை) பார்த்தவர்கள் கேட்பார்கள்: பூமத்திய ரேகையிலிருந்து எட்டு பாகையில் இருக்கும் நம் மலையில் அது ஏன் அத்தனை பெரிசு? வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவுக்கு மேல் தேறும். ஐரோப்பாவில் பனியில் திரியும் ரோ மான் 20, 30 கிலோதான். இந்த ஒப்பீடே தப்பு. மிளாவை மிளாவோடுதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே காட்டில் சருகுக்குள் ஓடும் சருகுமான் 3 கிலோ அளவுதான் என்பதையும் வெப்பப் பகுதியில் மான் சிறுக்கும் என்பதற்குச் சான்றாக இழுக்கக்கூடாது. பெயரில் மான் இருந்தாலும் அது மான் குடும்பமே இல்லை.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘விதி’ என்று பாடநூல் வழக்கில் பழகிவிட்டது. ஆனால் நியூட்டன் விதியையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறோம். அதற்கு இல்லாத விலக்குகள் பெர்க்மானுக்கு ஏராளம். ஜெர்மன் மொழியில் முன்னதற்கு ‘கெசெட்ஸ்’, பின்னதற்கு ‘ரேகல்’ என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆகவே ‘பெர்க்மான் நெறி’ என்பதே என் தேர்வு. பெயரில்லாமல் சொல்ல வேண்டுமானால் ‘தட்பவெப்ப உடலளவு நெறி’. தட்பம் குளிர்ச்சி, வெப்பம் சூடு. இரண்டுமே இங்கு வேண்டும். ‘உடல்பருமன்’ மட்டும் வேண்டாம். டாக்டர் சொல்லும் கொழுப்பு நோய்தான் நினைவுக்கு வரும்.

விலக்குகளில் கனமானது தீனி. கனடாவின் விலங்கியல் அறிஞர் வலேரியஸ் கைஸ்ட் 1987இல் இந்த நெறியையே மறுத்தார். வடக்கே போகப் போக மான்களின் உடல் ஓரளவுக்குப் பெருக்கிறது, சுமார் 60 பாகைக்கு அப்பால் மறுபடி சிறுக்கிறது. குளிர் மட்டுமே காரணமென்றால் அங்கே இன்னும் பெருத்திருக்க வேண்டும் என்றார். வளரும் பருவத்தில் எவ்வளவு பச்சைத் தீவனம் கிடைக்கிறது என்பதே உடலளவைத் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளின் கலைமான் (ரெயின்டீர்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட துருவத்துக்கு அருகில் வாழ்ந்தும் அது கலைமான்களில் மிகச் சிறியது. 1994இல் பிறந்தவை வளர்ந்தபோது 55 கிலோ இருந்தன, 2010இல் பிறந்தவை 48 கிலோதான். வெப்பம் கூடியதால் சிறுத்தன என்று நேராகச் சொல்லிவிட முடியாது. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து உறைகிறது, கீழே உள்ள தீனி ஐஸுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. கோடையில் புல் செழிப்பதால் குட்டிகளும் கூடி, குளிர்காலத் தீனிக்குப் போட்டி மிகுகிறது.

பெர்க்மானுக்கு ஒத்துவராத அந்தக் கலைமான் இன்னொன்றுக்குப் பொருந்துகிறது. குளிர்நாட்டு விலங்குகளுக்குக் காது, வால், கால் குட்டையாக இருக்கும் என்று அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஜோயல் ஆலன் 1877இல் சொன்னது ‘ஆலன் நெறி’. ஸ்வால்பார்டு கலைமானுக்குக் கால் குட்டையோ குட்டை.