உப்புத்தாளும் ஏழு கிலோ பந்தும்

அக்கா மகன் பெங்களூரிலிருந்து லீவில் தக்கலைக்கு வந்தபோது, பையைத் திண்ணையில் இறக்கிவைத்த சத்தத்திலேயே உள்ளே இருப்பது துணி இல்லை என்று தெரிந்துவிட்டது. பவுலிங் பந்து. கிரிக்கெட் பவுலிங் இல்லை; தரையில் பந்தை உருட்டி, எதிரே நிற்கும் 'பின்' என்ற கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ. ஆபீஸ் நண்பர்களோடு ஆடத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறதாம். சொந்தமாகப் பந்து வாங்கியும் அது கடைசியில் இடப்பக்கம் வளைந்து பின்களுக்குள் பாய மாட்டேன் என்கிறது என்பது அவன் வருத்தம்.

"சொரசொரப்பா இருந்தா தரையப் பிடிக்கும்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன் மாமா. இப்போ முன்னவிட மோசம்."

"எத்தன நம்பர் தாளு மக்கா?"

"நூத்தி இருவது."

ஜன்னல் கட்டைக்குப் போடுகிற தாள். பந்தைத் தடவினால் புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி இருந்தது.

அவன் நினைத்ததில் பாதி சரிதான். பந்து ஓடும் தடமான பவுலிங் லேன் வெறும் மரத்தரை இல்லை, எண்ணெய் பூசிய தரை. நின்று எறியும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி வாக்கில் மட்டும் எண்ணெய் இருக்கும். நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. மீதி 20 அடி காய்ந்த தரை. ஒரு லேனுக்கு 20 முதல் 30 மில்லி எண்ணெய்தான் செலவு. தோசைக்கல்லுக்கு நாம் ஊற்றுகிற கணக்கு. அதை மூன்றரை அடி அகலத்துக்கு 40 அடி நீளம் பரப்பினால் படலத்தின் கனம் சராசரியாக 2 மைக்ரான்தான் வரும். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு.

பந்தின் மேல்தோலில் உள்ள மேடு பள்ளமும் ஏறத்தாழ அதே அளவு, ஒரு மைக்ரானை ஒட்டி. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் ஆட்டத்தையே மாற்றுகிறது. சொரசொரப்பான பந்தின் மேடுகள் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொடும். பாலிஷ் போட்ட பந்து எண்ணெய் மேலேயே மிதந்து போகும். திற்பரப்பு அருவிப் பாறையில் தேய்ந்த செருப்போடு நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சொரசொரப்பாக்கினால் பிடிக்கும் என்றால், அவனுடைய பந்து ஏன் மோசமானது?

அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நடுவறையின் சிவப்பு சிமெண்ட் தரையில் பாதி தூரத்துக்குத் தேங்காய் எண்ணெயைத் துணியால் இழுத்துவிட்டோம். ஒரு ரப்பர் பந்தைப் பக்கவாட்டில் நன்றாகச் சுழற்றி உருட்டினேன். எண்ணெய் இருந்த இடம் முழுக்க அது சுழன்றபடியே நேராகச் சறுக்கியது. காய்ந்த தரையைத் தொட்டதும் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அப்புறம்தான் கவனிக்க வேண்டிய விஷயம்: திரும்பி முடித்த பிறகு மறுபடி நேராகவே உருண்டது. மேற்கொண்டு ஒரு துளிகூட வளையவில்லை.

உராய்வு வேலை செய்வது சறுக்கும் வரைதான். பந்தின் சுழற்சியும் ஓட்டமும் ஒத்துப்போய் அது உருள ஆரம்பித்துவிட்டால், பக்கவாட்டில் தள்ள எதுவும் மிச்சமில்லை. கிரிக்கெட் பந்து காற்றில் வளைவது வேறு கதை; இங்கே எல்லாமே தரையில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. சீரான உருண்டை ஒன்றைச் சுழற்றிச் சறுக்கவிட்டால், அது கடைசியில் உருளும் வேகம், விட்ட வேகத்தில் ஏழில் ஐந்து பங்கும், சுழற்சியால் அதன் விளிம்புக்கு இருக்கும் வேகத்தில் ஏழில் இரண்டு பங்கும் சேர்ந்தது. இரண்டையும் அதனதன் திசையோடு கூட்ட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். உராய்வு எவ்வளவு என்பதற்கு இதில் இடமே இல்லை! வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 300 சுற்று, 45 டிகிரி பக்கவாட்டாகச் சுழற்றி விட்டால், பந்து கடைசியில் 6 டிகிரி திரும்பியிருக்கும். கண்ணாடி மாதிரித் தரையானாலும் சொரசொரப்பானாலும் அதே 6 டிகிரி. உள்ளே புதைத்திருக்கும் கனமான உட்கரு கணக்கைக் கொஞ்சம் மாற்றும், அடிப்படையை மாற்றாது.

ஆக, எவ்வளவு திரும்புவது என்பதைக் கை முடிவு செய்கிறது. எங்கே திரும்புவது என்பதைத்தான் பந்தின் தோல் முடிவு செய்கிறது.

அந்த 'எங்கே' சின்ன விஷயம் இல்லை. 45வது அடியில் 6 டிகிரி திரும்பிய பந்து, பின்களை அடையும் முன் பக்கவாட்டில் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் நகரும். 30வது அடியிலேயே திரும்பிவிட்டால் மூன்றடிக்கு மேல் நகரும். ஏறக்குறைய லேனின் அகலமே அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட பந்தை வலப்பக்கம் விலக்கி எறிய வேண்டும். விலக்கி எறிந்த கோணம் அந்த 6 டிகிரியிலிருந்து கழிந்துபோகும். முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே 6 டிகிரியை ஒட்டிய கோணத்தில் நுழைவதுதான் ஸ்ட்ரைக்குக்கு, அதாவது ஒரே வீச்சில் எல்லாப் பின்னும் விழுவதற்கு, நல்லது என்பார்கள். நம் பையனின் 120 நம்பர் பந்து பாதி வழியிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, கடைசியில் சவசவ என்று போய் மோதியிருக்கிறது.

நேர்மாறான தொல்லையும் உண்டு. எண்ணெய் கனமாக இருக்கும் லேனில் பாலிஷ் பந்து போட்டால், திரும்பி முடிக்கும் முன்பே பின்கள் வந்துவிடும். அங்கேதான் தேய்ப்பதற்கு வேலை.

தக்கலையில் கார் பெயிண்ட் விற்கும் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கினோம்: 400, 800, 1000, 2000. பவுலிங்காரர்கள் இதற்கென்றே அப்ரலான் என்ற மெத்தைத் தாளை வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு இதுவே போதும். நம்பர் கூடக் கூடப் பரப்பு வழவழப்பாகும். பந்தையும் தாளையும் நனைத்து, அழுத்தாமல் வட்டமாக, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் என்று ஆறு பக்கம். ஒவ்வொரு நம்பருக்கும் அதே கணக்கு. முந்தின நம்பரின் கீறல் மறையாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. 2000 முடிந்தபோது பந்து பளபளக்கவில்லை, மங்கலாக, பட்டுப்போல இருந்தது. புதிதாக ஆடுகிறவர் அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்தப் பந்து எப்படிப் போகிறது என்று தெரிந்த பிறகு முன்னே பின்னே மாற்றலாம். போட்டி நடக்கும்போது தேய்க்க அனுமதி கிடையாது. கூடத்தில் வாடகைக்குத் தரும் பந்தை எப்போதுமே தொடாதீர்கள். அது பாலியஸ்டர்; தேய்த்தாலும் நம் பையனுடையது போன்ற ரெசின் பந்து மாதிரிப் பிடிக்காது.

ஆனால் தாளை எடுப்பதற்கு முன் காலை நகர்த்த வேண்டும். கோட்டிலிருந்து 15 அடி வாக்கில் அம்புக்குறிகள் இருக்கும். லேனின் அகலம் மொத்தம் 39 பலகை. வலக்கைக்காரரின் பந்து அதிகமாக இடப்பக்கம் போனால், குறிபார்க்கும் அம்பை மாற்றாமல் கால் ஒரு பலகை இடப்பக்கம் நகரட்டும். அம்பு வரை 15 அடி, அதற்கப்பால் 45 அடி. ஆகவே பின்களிடம் பந்து மூன்று பலகை வலப்பக்கம் தள்ளிப் போகும். காசு செலவில்லாத திருத்தம்.

அடுத்தது கை. அவனை முற்றத்தில் நிறுத்தி வெறும் கையை வீசச் சொன்னேன். தோளிலிருந்து முறுக்கினான். முறுக்கக் கூடாது, கை கிணற்று வாளி மாதிரித் தளர்ந்து ஆட வேண்டும். கட்டைவிரல் முதலில் பந்தின் துளையிலிருந்து வெளியே வரும், மற்ற இரண்டு விரலும் பின்னால் வந்து பந்தைச் சுண்டும். நிமிடத்துக்கு 200 சுற்று வந்தால்கூட அதே சூத்திரப்படி 4 டிகிரி கிடைக்கும். வேகத்தை 8லிருந்து 7 மீட்டராகக் குறைத்தால் அது 5 டிகிரியை நெருங்கும். புதியவர்கள் பெரும்பாலும் பலம் போட்டு எறிந்துதான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, தேய்த்த பரப்பு நிலைக்காது. ஆட ஆட சொரசொரப்பு மழுங்கும், பாலிஷும் மங்கும். ரெசின் பந்தின் நுண்துளைகள் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் துடைப்பது நல்லது. அதற்கு மைக்ரோஃபைபர் துணி வாங்கு என்றுதான் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அக்கா போனில் கேட்டாள், கொடியில் கிடந்த புதுத் தோர்த்துத் துண்டை யாராவது பார்த்தீர்களா என்று. நடுவறைத் தரை ஏன் இன்னும் வழுக்குகிறது என்றும் கேட்டாள்.