இரட்டை அளவுகோலும் ஓரவஞ்சனையும்

ஒரே செயலை ஒருவர் செய்தால் சரி, இன்னொருவர் செய்தால் குற்றம் என்று தீர்ப்பதுதான் இரட்டை அளவுகோல். ஆங்கிலத்தின் ‘டபுள் ஸ்டாண்டர்ட்’ முதலில் பணத்தைப் பற்றிய சொல். 19ஆம் நூற்றாண்டில் தங்கம், வெள்ளி இரண்டையும் நாணய மதிப்புக்கு அடிப்படையாக வைத்த முறைக்கு அந்தப் பெயர். பிறகு ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பதைக் கண்டிக்கப் பயன்பட்டது. அப்புறம் இனப் பாகுபாடு பற்றிய பேச்சுக்கும் வந்து சேர்ந்தது.

சிலர் இதை ‘இரட்டை வேடம்’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவதுதான் இரட்டை வேடம். இங்கே விஷயம் அளப்பது. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். கொக்கெய்ன் தூள் 500 கிராம் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே கொக்கெய்ன் ‘கிராக்’ என்ற கட்டியாக இருந்தால் 5 கிராமுக்கே அந்தத் தண்டனை. கிராக் வழக்குகளில் சிறை போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல்தான் இந்த 100க்கு 1 என்ற விகிதத்தை 18க்கு 1 ஆகக் குறைத்தார்கள். இரட்டை அளவுகோல் என்றால் இதுதான்.

ஆனால் அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான ஒவ்வொரு பிப்ரவரியிலும் வேறொரு இடத்தில் இந்தச் சொல் அடிபடுகிறது: “கறுப்பின வரலாற்று மாதம் இருக்கிறது, வெள்ளையருக்கு ஏன் இல்லை? இது இரட்டை அளவுகோல் இல்லையா?” அந்த மாதத்துக்கு வித்திட்டவர் கார்ட்டர் வூட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். தன் மக்களின் கதை பாடநூல்களில் இல்லாததைக் கண்டு, 1926இல் ஒரு வாரத்தை அதற்கென ஒதுக்கினார். லிங்கன், அடிமைத்தளையிலிருந்து தப்பி அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் வருகிற வாரம் அது. 1976இல்தான் அது மாதமானது. மற்ற மாதங்களில் யாருடைய வரலாற்றைப் படித்தார்கள் என்று பார்த்தால், அந்தக் கேள்வி நிற்காது.

பாடநூல்களில் ஒரு மக்களின் வரலாறு விடுபட்டதற்கு நம்மிடம் இன்னும் கூர்மையான சொல் இருக்கிறது: ஓரவஞ்சனை. ‘ஓரம் சொல்லேல்’ என்கிறது ஆத்திசூடி. அந்த ஓரம் பட்சபாதம்தான். பங்கிட்டுக் கொடுக்கிற கையில் இருப்பவர் செய்வது ஓரவஞ்சனை. கரண்டி யார் கையில் என்பதையும் அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

பாடநூல் விஷயத்தில் இந்தச் சொல்லையே எழுதலாம். 2015இல் டெக்சஸ் மாநிலப் பள்ளிப் புவியியல் நூல் ஒன்றில், குடியேற்றம் பற்றிய பகுதியில் ஒரு வரைபடம் இருந்தது. அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து மில்லியன் கணக்கான ‘தொழிலாளர்களை’த் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவந்தது என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாணவன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்ப, அவர் அதை ஊரறியச் சொன்ன பிறகுதான் பதிப்பகம் அந்த வாசகத்தை மாற்ற ஒப்புக்கொண்டது.