சிந்தசிஸ்: தமிழில் தொகுப்பா, சுற்றாக்கமா?

சிப் வடிவமைப்பு பழகுகிறவர்கள் முதல் சில நாள்களிலேயே முட்டிக்கொள்ளும் சொல் சிந்தசிஸ். என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதை அதைச் செய்யும் மின்சுற்றாக மாற்றும் படி அது. தமிழில் எழுதும்போது வேதியியலிலிருந்து 'தொகுப்பு' என்ற சொல்லை எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கு அது உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வேர். கிரேக்கத்தில் சின் என்றால் கூட, சேர்ந்து. தெசிஸ் என்றால் வைப்பு. ஆக, சேர்த்து வைப்பது. எளிய பொருள்களைச் சேர்த்துப் புதிய சேர்மம் செய்வதற்கு வேதியியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. இலை வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்வதை நாம் ஒளிச்சேர்க்கை என்கிறோம். மின்சுற்றுக்காரர்களிடம் பொருள் கொஞ்சம் திரும்புகிறது. ரிலே என்ற மின் சுவிட்சுகளாலான சுற்றுகளைப் பூலியன் இயற்கணிதத்தால் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளின் கணக்கால்) எழுதிக் காட்டிய அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன், 1949இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே சிந்தசிஸ் என்ற சொல் இருக்கிறது. சுற்றைக் கையில் கொடுத்து 'இது என்ன செய்யும்?' என்று கேட்டால் அது பகுப்பாய்வு. 'எனக்கு இது நடக்க வேண்டும், அதற்கு எந்தச் சுற்று?' என்று கேட்டால் அதுதான் சிந்தசிஸ்.

இன்றைக்கும் அதே பொருள்தான், ஆனால் வேலையைக் கருவி, அதாவது ஒரு மென்பொருள், செய்கிறது. சுற்றை விவரித்து எழுதும் மொழியான வெரிலாக்கில் ஒரு கூட்டல் குறி போடுகிறீர்கள், கருவி அதைக் கூட்டும் சுற்றாக, கேட் எனப்படும் சிறு தர்க்க உறுப்புகளாக, அதாவது வாயில்களாகப் பிரித்துத் தருகிறது. இஃப், எல்ஸ் எழுதினால் பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்டிபிளெக்சர் வரும். இங்கேதான் மென்பொருள் பக்கமிருந்து வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கடிகாரம் இல்லாத பகுதியில் எல்ஸ் எழுத மறந்தால் மென்பொருளில் போல அந்த வரி சும்மா விடுபட்டுப் போகாது, 'அப்படியானால் பழைய மதிப்பை வைத்துக்கொள்' என்று பொருளாகி, நீங்கள் கேட்காத ஒரு லாட்ச் (மதிப்பை நினைவில் வைக்கும் உறுப்பு) சுற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதே போல, இத்தனை நேரம் பொறு என்று எழுதும் தாமதக் குறியை சிமுலேட்டர் (சுற்று எப்படி நடக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) மதிக்கும், சிந்தசிஸ் கருவி கண்டுகொள்ளாது. வெரிலாக் 1984 வாக்கில் சிமுலேஷனுக்காகப் பிறந்த மொழி, சிந்தசிஸ் பிற்பாடு வந்து சேர்ந்தது, அதனால் மொழியில் இருக்கிற எல்லாமே சுற்றாக மாறாது.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள யோசிஸ் போல நல்ல கருவி இல்லை. கிளேர் வுல்ஃப் தொடங்கிய திறமூல (ஓப்பன் சோர்ஸ்) சிந்தசிஸ் கருவி அது. 'யோசிஸ் ஓப்பன் சிந்தசிஸ் சூட்' என்பதன் சுருக்கம்தான் பெயர், முதல் எழுத்து தன்னையே குறிக்கும். (தமிழ்க் காதுக்கு 'யோசி' என்று கேட்பது எனக்குப் பிடிக்கும்.) ஷோ என்று கட்டளை கொடுத்தால் நீங்கள் எழுதிய நாலு வரி என்ன சுற்றாயிற்று என்று படம் வரைந்தே காட்டும். 2015இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 வகை எஃப்பிஜிஏவின் (உள்ளே இருக்கும் சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப்பின்) உள் வடிவத்தை ஆராய்ந்து ஆவணப்படுத்திய பிறகு, மூடிய கருவி ஒன்றுகூட இல்லாமல் வெரிலாக்கில் தொடங்கி சிப்பில் ஏற்றுவது வரை போக முடிந்தது. இது எவ்வளவு பெரிய திறப்பு என்று சொல்லி மாளாது.

சரி, இப்போது தமிழ்ச் சொல். 'தொகுப்பு' என்பதில் எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, ஒரு கணினி மொழியில் எழுதியதை இன்னொன்றாக மாற்றும் கம்பைலரைத் தொகுப்பி என்று ஏற்கெனவே எழுதுகிறோம். சென்னை ஐஐடியின் சக்தி செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்: அது புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது, 2020இல் திறமூலமான புளூஸ்பெக் கம்பைலர் அதை வெரிலாக்காக மாற்றும், அப்புறம் அந்த வெரிலாக் சிந்தசிஸுக்குப் போகும். அடுத்தடுத்த இரண்டு படிகள். இரண்டையும் தொகுப்பு என்றால் படிக்கிறவர் எங்கே போவார்?

இரண்டாவது, தமிழில் தொகுத்தல் என்பதற்கு ஏற்கெனவே ஒரு கறாரான பொருள் உண்டு. தொல்காப்பிய மரபியல், முன்னூலை ஒட்டி வழிநூல் செய்யும் வகைகளைச் சொல்லும்போது 'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து' என்று அடுக்குகிறது. தொகுத்தல் என்றால் விரிந்து கிடப்பதைச் சுருக்குவது. சிந்தசிஸோ ஒரு வரியை நூற்றுக்கணக்கான வாயில்களாக விரிக்கிறது, விரித்ததில் வேண்டாததை வெட்டிச் சுருக்கவும் செய்கிறது. பார்க்கப்போனால் தொகைவிரிதான் கிட்ட வருகிறது! ஆனால் அதை இன்று எடுத்தால் யாருக்கும் புரியாது.

'வாயிலாக்கம்' என்று கொஞ்ச நாள் நினைத்தேன், 'வாயிலாக' என்று படித்துக் குழம்புவார்கள் என்று விட்டுவிட்டேன். இலங்கைப் பாடநூல்களில் வாயிலுக்குப் படலை என்று அழகான சொல் இருக்கிறது, அங்கே படலையாக்கம் சொல்லலாம். என் பரிந்துரை சுற்றாக்கம். எது வெளியே வருகிறதோ அதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கருவி சுற்றாக்கி; வெளியே வரும் நெட்லிஸ்ட் (எது எதனோடு இணைகிறது என்ற விவரம்) இணைப்புப் பட்டியல்; எழுதியது சுற்றாக மாறாவிட்டால் 'இந்த வரி சுற்றாகாது' என்று பேச்சிலேயே சொல்லலாம்.

லைப்ரரியை மட்டும் நூலகம் என்று எழுதாதீர்கள். சிந்தசிஸ் கேட்கும் செல் லைப்ரரியில் இருப்பது நிரல் துண்டுகள் இல்லை, சிப்பைச் செய்யப்போகும் தொழிற்சாலையில் செய்யக்கூடிய வாயில்களும் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்ஃபிளாப்களும், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு தாமதிக்கும் என்ற கணக்கும். 2020இல் கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தரவுகளைத் திறந்து வெளியிட்டபோது கிடைத்தவற்றில் இப்படிப்பட்ட பட்டியலும் உண்டு. அதை 'வாயில் கையிருப்பு' என்று எழுதிப் பார்த்தேன், பொருந்துகிறது.