ஒரே குளிர்காலம், வேறு வேறு குளிர்

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'குளிர்காலம்' கான்செர்ட்டோவின் (ஒரு தனி வயலினும் ஒரு குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் அரை நிமிடத்தை மட்டும் இரண்டு பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, ஃபெலிக்ஸ் அயோ தனி வயலின் வாசிக்க, ஈ மூசிச்சி குழு 1959இல் பதிவு செய்தது. இன்னொன்று, என்ரிகோ ஒனோஃப்ரி வாசிக்க, இல் ஜார்தினோ அர்மோனிகோ குழு 1993இல் பதிவு செய்தது. தாளில் இருக்கும் சுரங்கள் ஒன்றேதான். அடியில், வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரலான செல்லோ தொடங்கும். அப்புறம் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, இரண்டாம் வயலின், முதல் வயலின் என்று ஒவ்வொன்றாக மேலே வந்து சேரும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பனியில் விறைத்து நடுங்குவதை இந்த இடம் காட்டுகிறது என்று 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பதிப்பே சொல்கிறது.

முதல் பதிவில் அந்த நடுக்கம் உருண்டையாக, கதகதப்பாக இருக்கிறது. சன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு பனியைப் பார்ப்பதுபோல. இரண்டாவதில் கண்ணாடியைக் கீறுவதுபோல ஒரு கூச்சம். ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் இந்த இரண்டு பதிவுகளிலும் தந்தி அசைகிற விதமே வேறு, அது எனக்கு ரசனையைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

வில் இழுபடும்போது தந்தி கண்ணுக்கு ஒரு மங்கலான பட்டையாகத்தான் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்க்கோடுகள் சந்திக்கும் ஒரு முனையாக இருக்கிறது. அந்த முனை தந்தியில் ஓடி, குதிரையை (தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலம்) தொட்டுத் திரும்பி, மறுபடி ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு சிறப்பு நுண்ணோக்கி வைத்து இதைக் கண்டுபிடித்தார். வில்லின் மயிரில் தேய்த்த ரோசின் என்ற பிசின் தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறது. ஓடிவரும் முனை வில்லைக் கடக்கும்போது தந்தி வழுக்கி விடுபடுகிறது. உடனே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால், நொடிக்கு 440 முறை ஒட்டல், 440 முறை வழுக்கல்.

இந்த ஒழுங்கு நிலைக்க, வில் போதுமான அழுத்தத்தோடு தந்தியில் அமர வேண்டும். எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் நம் சி.வி. ராமன். கல்கத்தாவில் அவர் வயலினை இயந்திரத்தால் வாசிக்க வைத்தார். வில் அசையாமல் நிற்க, வயலின் முன்னும் பின்னும் நகரும். 1920இல் வெளியான அந்த ஆய்வில், வில் குதிரையை நெருங்க நெருங்கத் தேவைப்படும் அழுத்தம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது என்று காட்டினார். தூரம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும்.

சரி, அந்த நான்கு மடங்கைக் கொடுக்காமல், லேசான கையோடு குதிரைக்குப் பக்கத்தில் போய் வாசித்தால்? ஒரு சுற்றுக்கு ஒருமுறை வழுக்க வேண்டிய தந்தி இரண்டு மூன்று முறை வழுக்கும். அடிப்படைச் சுரம் மெலிந்து, அதோடு சேர்ந்தே பிறக்கும் உயர்ந்த அதிர்வுகளான மேற்சுரங்கள் மட்டும் சில்லென்று மேலே மிதக்கும். 1993 பதிவின் தொடக்கத்தில் நாம் கேட்கும் உறைபனி இதுதான். வயலின் மாணவர் தவறுதலாகச் செய்தால் ஆசிரியர் திருத்துகிற விஷயத்தை, இவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

இத்தனைக்கும் இல் ஜார்தினோ அர்மோனிகோ போல, அந்தக் காலத்துக் கருவிகளோடு வாசிக்கும் பழைய முறைக் குழுக்கள் பயன்படுத்துவது ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி. அது மென்மையான ஒலியைத்தான் தர வேண்டும். இன்றைய தந்திகளில் பயன்படும் எஃகின் அடர்த்தி குடலைப்போலச் சுமார் 6 மடங்கு. அதனால் அதே எடைக்குக் குடல் தந்தி இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனாக இருக்கும். அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கும் குணமும் அதற்கு அதிகம். ஓடுகிற முனையின் கூர்மை மழுங்கி, உயர்ந்த மேற்சுரங்கள் குறையும். அப்படிப்பட்ட தந்தியிலிருந்தும் கண்ணாடிக் கீறலை எடுக்கிறது வில் பிடிக்கும் கை. அந்த வில்லின் வடிவமும் வேறு. 1785 வாக்கில் பிரெஞ்சு வில் தச்சர் பிரான்சுவா தூர்த் இன்றைய வில்லுக்கு வடிவம் கொடுக்கும் முன், நுனி இலேசாக, வெளிப்பக்கம் வளைந்த வில்தான் இருந்தது. ஒவ்வொரு சுரமும் பிறந்து, சற்றுப் பருத்து, தானாக ஓயும்.

சுருதி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இன்று பரோக் குழுக்கள், அதாவது விவால்டி கால இசையைப் பழைய முறையில் வாசிப்பவர்கள், பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கின்றன, 440இலிருந்து அரைச்சுரம் கீழே. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே தந்தியில் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். ஆனால் விவால்டியின் வெனிஸில் சுருதி இன்றைய 440ஐ ஒட்டியே இருந்தது. குடல் தந்தியோடு, 440இல் விவால்டி வாசிக்கும் இத்தாலியக் குழுக்களின் பதிவு பளிச்சென்று இருந்தால் வியப்பில்லை. சுரம் அலைபாயத் தந்திமேல் விரலை ஆட்டும் விரல் நடுக்கத்திலும் (வைப்ராட்டோ) ஒரே விதி கிடையாது. இத்தாலிய வயலின் கலைஞர் ஜெமினியானி 1751இல் அதை முடிந்தவரை அடிக்கடி பயன்படுத்தச் சொன்னார். ஐந்தே ஆண்டில், இசையமைப்பாளர் மொசார்ட்டின் தந்தை லியோபோல்ட் மொசார்ட், எல்லாச் சுரத்திலும் நடுங்குபவர்களுக்கு ஓயாத காய்ச்சலா என்று கேட்காத குறையாக எழுதினார்.

கருவிக்கு இணையாக வேலை செய்வது அறை. ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். ஒரு தேவாலயத்தில் அது 2 நொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏழு சுரம் ஓடும் இடத்தில், அடுத்த சுரம் பிறக்கும்போது முந்தையது 4 டெசிபல் சொச்சம்தான் இறங்கியிருக்கும். 1 நொடி அரங்கில் அதே இடைவெளியில் 8 டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும். தேவாலயத்தில் பதிவு செய்தவர் விரலோட்டம் தெளிவில்லாதவர் என்று தீர்ப்பு எழுதுமுன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நியாயம்.

ஒப்பிடும்போது முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். ஒலி குறைந்தால் நம் காது தாழ்ந்த சுரங்களை இன்னும் குறைவாகக் கேட்கும். அதனால் சற்றே உரக்க ஒலிக்கும் பதிவு நிறைவானதாகத் தோன்றிவிடும். துண்டுகளும் சிறியதாக இருக்கட்டும், பதினைந்து நொடி போதும். ஒலியின் நுண்ணிய நிறம் நினைவில் அதிக நேரம் தங்காது.

'குளிர்காலம்' இரண்டாம் பகுதியை இப்படிக் கேட்டுப் பாருங்கள். வெளியே மழை, உள்ளே கணப்பருகே ஓய்வு. தனி வயலின் நீளமாகப் பாட, மற்ற வயலின்கள் விரலால் சுண்டி மழைத்துளி போடும். சில பதிவுகளில் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டும், சிலவற்றில் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குடல் தந்தியில் சுண்டிய ஒலி சீக்கிரம் அடங்குவதால், முழக்கம் குறைந்த அறையில் ஒவ்வொரு துளியும் ஓட்டின்மேல் தனித்தனியாக விழும். முழக்கம் மிகுந்த அறையில் துளிகள் கலந்து ஒரே சாரலாகிவிடும்.